கருங்காலிப் பிடியும் பெயர்ப்பட்டையும்: பழைய கியூக்கோல்களின் மதிப்பீடும் பேணலும் – மனோர் பார்க்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பழமையானது என்பதனாலேயே ஒரு பொருள் வரலாற்றுச் சான்றாகிவிடுவதில்லை. அதைச் செய்தவர், பயன்படுத்தியவர், அது கைமாறிய வழி, அதன்மேல் நிகழ்ந்த மாற்றங்கள் ஆகியவை அறியப்படும்போதே அது சான்று என்னும் தகுதியை அடைகிறது. கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் இவ்வளவையைப் பொருத்திப் பார்ப்பதில் தமிழாய்வுலகம் நீண்ட பயிற்சியுடையது. அண்மைக் காலத்துப் புழங்குபொருள்களுக்கு, அதிலும் ஆட்டக் கருவிகளுக்கு, அதைப் பொருத்திப் பார்க்கும் முயற்சி இன்னும் வேரூன்றவில்லை.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசையாட்டங்களில் பந்தைத் தட்டப் பயன்படும் கியூக்கோலை இக்கட்டுரை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. கிழக்கு லண்டனின் மனோர் பார்க் பகுதியைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, பழைய கோலின் மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது, அம்மதிப்பை அழிக்காமல் அதனைப் பேணுவது எவ்வாறு என்னும் இரண்டு வினாக்களை எழுப்புகிறது. கோலின் பிடியில் பதித்த பெயர்ப்பட்டை ஒரு வெற்றிவீரரின் பெயரை மட்டுமே சொல்கிறது. பிடியின் மரமோ தென்னிந்திய, இலங்கைக் காடுகளின் வரலாற்றோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும். பட்டை சொல்லாத இவ்வரலாற்றைப் பதிவு செய்யாத மதிப்பீடு குறைமதிப்பீடே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. மனோர் பார்க்கும் அதன் ஆட்டக்கூடங்களும்

மனோர் பார்க் தொடருந்து நிலையம் 1873இல் திறக்கப்பட்டது. அதன்பின் வரிசை வீடுகள் எழுந்து, தொழிலாளரும் எழுத்தரும் நிறைந்த புறநகராக இப்பகுதி வளர்ந்தது. 1965இல் ஈஸ்ட் ஹாமும் வெஸ்ட் ஹாமும் இணைந்து நியூஹாம் பெருநகரப் பிரிவானபோது மனோர் பார்க்கும் அதனுள் அடங்கியது.

இத்தகைய புறநகர்களில் பில்லியர்ட்ஸ் ஆட்டம் மேட்டுக்குடியினரின் மாளிகையிலிருந்து தெருவுக்கு இறங்கியது. மதுவிலக்குக் கொள்கையோடு 1906இல் தொடங்கப்பட்ட டெம்பரன்ஸ் பில்லியர்ட் ஹால் நிறுவனம் லங்காஷயரிலும் லண்டன் புறநகர்களிலும் கூடங்களைக் கட்டியது. மாண்டேகு பர்ட்டனின் தையற்கடைகள் பலவற்றின் மேல்மாடிகளில் பில்லியர்ட்ஸ் கூடங்கள் இயங்கின. 1969இல் பிபிசி தொலைக்காட்சி 'பாட் பிளாக்' நிகழ்ச்சியைத் தொடங்கியபின் ஸ்னூக்கர் புதுவாழ்வு பெற்றது. 1985ஆம் ஆண்டின் உலக வாகையர் இறுதியாட்டத்தை நள்ளிரவு கடந்தும் 1 கோடியே 85 இலட்சம் பேர் கண்டனர்.

1983ஆம் ஆண்டின் இன வன்முறைக்குப்பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக லண்டனுக்குப் புலம்பெயர்ந்த காலமும் இதுவே. ஈஸ்ட் ஹாமும் மனோர் பார்க்கும் அவர்களுடைய முதன்மையான குடியிருப்புகளுள் அடங்கின. சர்ச் சாலையிலுள்ள லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் அக்குடியேற்றத்தின் நிலைத்த அடையாளம். ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவின் கொரோனேஷன் திரையரங்கு மற்றொரு அடையாளம். 1968இல் திரைப்படம் நின்றபின் அது பிங்கோ கூடமாயிற்று, பின்னர் ஸ்னூக்கர் கூடமாயிற்று, இறுதியில் தெற்காசியத் திருமணங்கள் நிகழும் விருந்து மண்டபமாயிற்று. ஒரே கட்டடத்தின் இம்மாற்றங்கள் அப்பகுதியின் சமூக வரலாற்றைச் சுருங்கச் சொல்கின்றன.

இம்மாற்றத்தில் கட்டடம் எஞ்சுகிறது. மேசைகளும் கோல்களும் எஞ்சுவதில்லை. கூடம் மூடப்படும்போதோ முதியவர் ஒருவர் இறந்து வீடு ஒழிக்கப்படும்போதோ கோல்கள் பழம்பொருள் வணிகரிடம் சேர்கின்றன, அல்லது குப்பையாகின்றன. எவருடையவை, எங்கே ஆடப்பட்டவை என்னும் செய்தி அந்த ஒரு நாளிலேயே அறுந்துவிடுகிறது.

3. உதகமண்டலமும் நினைவுச் சான்றின் எல்லையும்

மனோர் பார்க் கூடங்களில் ஆடப்பட்ட ஸ்னூக்கரின் தோற்றக் கதை தமிழ்நிலத்தோடு பிணைந்தது. 1875இல் ஜபல்பூரில் பணியாற்றிய நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படையதிகாரி, அன்று வழக்கிலிருந்த மேசையாட்டங்களோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்து இவ்வாட்டத்தை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. பின்னர்ச் சென்னைப் படையின் தலைமைத் தளபதியான பிரெடெரிக் ராபர்ட்ஸின் துணையதிகாரியாக அவர் உதகமண்டலம் வந்தார். அங்கே உதகை கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்ட விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. 'ஸ்னூக்கர்' என்னும் சொல்லோ உல்விச் படைப்பள்ளியின் முதலாண்டு மாணவரைக் குறித்த கேலிச்சொல். உல்விச், இன்றைய நியூஹாமுக்கு நேர் எதிரே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ளது.

இவ்வரலாற்றின் சான்றடிப்படை கூர்ந்து நோக்கத்தக்கது. சேம்பர்லின் தம் உரிமையை அச்சில் நிலைநாட்டியது 1938இல், 'தி ஃபீல்ட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில். நிகழ்ச்சிக்கும் கடிதத்துக்கும் இடையே 63 ஆண்டுகள். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1939இல் அவ்வுரிமையை ஆதரித்து எழுதினார். அதாவது, உலகெங்கும் பரவிய ஓர் ஆட்டத்தின் பிறப்பே முதியவர் ஒருவரின் நினைவாலும் அவரை அறிந்தோரின் சான்றுரையாலும் காப்பாற்றப்பட்டது. சேம்பர்லின் 1944இல் மறைந்தார். அவர் பேனா எடுக்காதிருந்தால் உதகைக்கு இன்றுள்ள இடம் ஐயத்துக்குரியதாகியிருக்கும்.

எழுதியவரின் பெயர் நிலைத்தது. எழுத வாய்ப்பில்லாதவரின் பெயர் மறைந்தது. ஆங்கிலேயரின் கிளப்புகளில் 'மார்க்கர்' எனப்பட்ட இந்தியப் பணியாளரே புள்ளிக்கணக்கு வைத்தனர், மேசைத்துணியைத் தேய்த்துச் சமன்செய்தனர், கோலின் தோல்நுனியை மாற்றினர், உறுப்பினருக்குத் துணையாட்டக்காரராகவும் நின்றனர். கோலைப் பேணும் கலையில் இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் வல்லுநர்கள் இவர்களே எனலாம். எனினும் உறுப்பினர் பட்டியலில் இடம்பெறாத இவர்களுடைய அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது.

4. கோலின் அமைப்பு

இங்கிலாந்தில் செய்யப்பட்ட மரபான கோலில் இரண்டு வகை மரங்கள் இணைகின்றன. முன்தண்டு ஆஷ் அல்லது மேப்பிள் மரத்தாலானது; பிடிப்பகுதிக்குக் கனம் தருவதற்காகக் கருங்காலி போன்ற அடர்ந்த மரம் பொருத்தப்படும். நுனியில் தோல், அதைத் தாங்குவது பூண். உலக்கைக்கும் கைத்தடிக்கும் கட்டும் பூணைப் போலவே மரம் பிளவாதபடி காப்பது இதன் பணி. தோல்நுனியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் படைத்தலைவர் மெங்கோ வழக்கில் கொண்டுவந்தார். பந்தைச் சுழற்றி அடிக்கும் நுட்பம் அதனாலேயே வளர்ந்தது.

இரு மரங்களும் சேரும் இணைப்பு, கோலின் வகையை அறிவதற்குரிய முதன்மையான தடயம். கையால் இழைத்து ஒட்டிய கோல்களில் கருங்காலி நான்கு நாக்குகளாக முன்தண்டின்மேல் ஏறி, வளைந்த முனைகளோடு முடியும். அவற்றின் உயரம் சிறிதே ஏறியிறங்கியும் இருக்கும். பொறியால் வெட்டிப் பொருத்திய கோல்களில் முனைகள் அம்புபோற் கூராக ஒரே உயரத்தில் நிற்கும். தர்ஸ்டன், 1836இல் தொடங்கிய பரோஸ் அண்ட் வாட்ஸ், 1878இல் தொடங்கிய ரைலி, 1885இல் தொடங்கிய பெரடன் ஆகியவை இத்தொழிலில் பெயர்பெற்ற நிறுவனங்கள்.

பிடியின் தட்டையாகச் சீவிய பக்கத்தில் பெயர்ப்பட்டை பதிக்கப்படும். தொடக்கத்தில் தந்தமும், பின்னர் அதற்கு மாற்றான செலுலாய்டு வகைகளும் இதற்குப் பயன்பட்டன. செலுலாய்டின் முன்னோடியான பார்க்கசைனை 1866 முதல் ஆலையில் உற்பத்தி செய்த இடம், மனோர் பார்க்கிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஹாக்னி விக். பட்டையில் நிறுவனத்தின் பெயரோடு வெற்றிவீரரின் பெயரும் அவர் எட்டிய புள்ளிகளும் பொறிக்கப்பட்டன. ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம் 1932இல் லண்டன் தர்ஸ்டன் கூடத்தில் ஒரே தொடரில் 4,137 புள்ளிகள் எடுத்தபின், அவ்வெண்ணைத் தாங்கிய கோல்கள் விற்பனைக்கு வந்தன. இவை விற்பனைக்காகப் பெருமளவில் செய்யப்பட்டவை; லிண்ட்ரமின் கை பட்டவை அல்ல. பட்டை காலத்தைக் கணிக்க உதவும், உரிமையாளரை நிறுவாது.

5. கருங்காலி: பெயரும் பொருளும்

பிடியின் கருமரம் எங்கிருந்து வந்தது என்பது பட்டையில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயர்தரக் கருங்காலிக்கு இலங்கை பெயர்பெற்றிருந்தது. 1859இல் வெளிவந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்டின் இலங்கை பற்றிய நூல், திருகோணமலைக்கு மேற்கே பரந்த சமவெளிக் காடுகளை இம்மரம் மிகுந்த நிலமாகக் குறிக்கிறது. வெளிறிய புறமரம் நீங்கிய உள்வயிரமே விலைபெற்றது. அது நீரில் மூழ்குமளவு அடர்த்தியுடையது. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் அதே இனம் வளர்ந்தது. இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் அது அரிதாகிவிட்டது.

ஆயினும் கரிய பிடியுடைய கோல் அனைத்தும் இலங்கைக் கருங்காலியாலானது என்று கொள்வது பிழை. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் கருமரங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. மலிவான கோல்களில் வேறு மரத்துக்குக் கருஞ்சாயம் ஏற்றுவதும் உண்டு. இங்கே தமிழ் வழக்கும் எச்சரிக்கை தருகிறது. கருங்காலி என்னும் பெயர் எபனி எனப்படும் மரத்துக்கும், சித்த மருத்துவத்தில் பயன்படும் வேலமரக் குடும்பத்து மரத்துக்கும் பொதுவாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் அண்மையில் பெருகிய கருங்காலி மாலை வணிகம் இப்பெயர்க் குழப்பத்தின்மேலும் சாயமேற்றிய போலிகளின்மேலும் தழைத்ததை அறிவோம். பெயரைக்கொண்டு பொருளைத் துணியலாகாது என்பது கோலுக்கும் பொருந்தும். எடையும் குறுக்குவெட்டின் நிறமும் முதற்கட்டச் சோதனைகள். இனத்தைத் துணிய மரத்தின் உள்ளமைப்பை நுண்ணோக்கியால் ஆராய்வதே வழி.

6. மதிப்பு எதில் உள்ளது

பழைய கோலுக்குச் சந்தையில் விலை நிர்ணயிப்பவை செய்த நிறுவனம், பட்டையின் அருமை, மரத்தின் நிலை, மாற்றமின்மை ஆகியவை. ஆட்டக்காரரின் அளவுகோல் வேறு. ஏழுமுறை உலக வாகையரான ஸ்டீஃபன் ஹென்றி, சிறுவனாயிருந்தபோது 40 பவுண்டுக்கு வாங்கிய கோலைக்கொண்டே அப்பட்டங்களை வென்றார். 1990இல் அது திருடுபோனபோது மீட்டுத் தருவோர்க்கு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தார். 2003இல் பாங்காக்கிலிருந்து திரும்பிய விமானப் பயணத்தில் அது சீர்செய்ய இயலாதவாறு முறிந்தது. கடைவிலைக்கும் பரிசுத்தொகைக்கும் இடையிலுள்ள 250 மடங்கு வேறுபாடு மரத்தால் விளைந்ததன்று. பழகிய கையால் விளைந்தது.

அமெரிக்கப் பூல் கோல்களின் வரலாறு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 முதல் 1975இல் இறக்கும்வரை செய்த கோல்கள் இன்று சேகரிப்பாளர் பெரிதும் விரும்புபவை. அவற்றில் பலவற்றின் இணைப்புத் தண்டுகளை அவர் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் கோல்களிலிருந்தோ, பர்ட்டன் ஸ்பெயின் முதலிய பிற கைவினைஞரிடமிருந்தோ பெற்று, கடைந்து, நிறைவு செய்தார். 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' திரைப்படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்பட்ட கோலோ ஜாஸ் நிறுவனம் செய்தது. ஒரு பெயரின்கீழ்ப் பலர் உழைப்பு அடங்குகிறது. பெயர் பொருளைவிட்டுப் பிரிந்தும் உலவுகிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர் இணைப்புத் தண்டைச் செய்தவரையும் தேடிப் பதிவு செய்கின்றனர். இதே தேடலை மரம் வந்த காடுவரை நீட்டுவது முறையானதே.

இதனால் சந்தை விலை, பயன்மதிப்பு, சான்றுமதிப்பு என மூன்றையும் பிரித்துணர்தல் வேண்டும். விலை குறைந்த கோல் சான்றுமதிப்பில் உயர்ந்திருக்கலாம். மூடப்பட்ட கூடமொன்றின் எண் பொறித்த சாதாரணக் கோல் ஏலத்தில் பொருட்படுத்தப்படாது. அக்கூடத்தின் வரலாற்றுக்கு அதுவே எஞ்சிய சான்றாகலாம். கறுப்பு வண்ணம் பூசிய தகரப்பெட்டியில் எழுதிய உரிமையாளர் பெயரும் அத்தகையதே. பெட்டியையும் கோலையும் பிரித்து விற்பவர் இரண்டின் வரலாற்றையும் அழிக்கிறார்.

7. பேணுதலும் புதுப்பித்தலும்

பழைய கோலுக்குப் பெருந்தீங்கு புறக்கணிப்பால் மட்டும் வருவதில்லை. நன்னோக்குடன் செய்யும் புதுப்பித்தலாலும் வருகிறது. உப்புத்தாளால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் தண்டு மெலிகிறது. பல்லாண்டு கைபட்டு அமைந்த மேற்பரப்பு மறைகிறது. எடுத்துச் செல்லும் வசதிக்காக ஒற்றைத் தண்டை நடுவில் அறுத்துப் பித்தளைத் திருகிணைப்பு வைப்பதும், இன்றைய உயரத்துக்கேற்பப் பிடியை நீட்டுவதும், பழைய பட்டையைப் பெயர்த்து வேறு கோலில் பதிப்பதும் மீட்க முடியாத மாற்றங்கள். கோயில் கற்சுவர்களை மணல்வீச்சால் தூய்மை செய்தபோது கல்வெட்டெழுத்துகள் தேய்ந்த பட்டறிவு தமிழகத்துக்கு உண்டு. தூய்மை என்னும் பெயரில் சான்று அழிவது அங்கும் இங்கும் ஒன்றே.

மீளத்தக்க செயலையே செய்தல் பேணுதலின் முதல் நெறி. விட்டுப்போன இணைப்பை ஒட்ட, ஈரவெப்பத்தால் பின்னர் இளகக்கூடிய வச்சிரப்பசை ஏற்றது. மேலழுக்கை உலர்ந்த மென்துணியால் நீக்கலாம். பழைய அரக்குப்பூச்சின்மேல் சாராயக் கரைப்பான் படலாகாது. தோல்நுனி தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்த உறுப்பாதலின், ஆடப்படும் கோலில் அதை மாற்றுவது தவறன்று. கழற்றியதைக் குறிப்புடன் சேர்த்து வைத்தல் நன்று.

இருவேறு மரங்கள் ஈரப்பதத்துக்கேற்ப இருவேறு அளவில் விரிந்து சுருங்குவதால், ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி ஏறியிறங்காமல் நிற்பது நல்லது. குளிர்காலத்தில் வெப்பமூட்டியால் உலரும் லண்டன் வீட்டறையும், பருவமழையில் ஊறும் சென்னை வீட்டறையும் தத்தம் வழியில் தீங்கு செய்யும். வெப்பமூட்டி, புறச்சுவர், சாளர வெயில் மூன்றையும் தவிர்த்து, வளையாதபடி முழுநீளமும் தாங்கப்பட்டுக் கிடத்தல் வேண்டும். செலுலாய்டுப் பட்டை நாளடைவில் அமில ஆவியை வெளியிடக்கூடியது, எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் காற்றோட்டமில்லாப் பெட்டியில் பூட்டி வைத்தலாகாது.

8. சட்டமும் பதிவும்

கோலைப் பேணுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தந்தம் கொண்ட பொருளை வைத்திருப்பதை அது தடுக்கவில்லை, விற்பனையைத் தடுக்கிறது. 1947க்கு முற்பட்டதாய், தந்தம் கன அளவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாய் உள்ள பொருளைப் பதிவு செய்து விற்கலாம். எனவே, தந்தப் பட்டையுடைய கோலின் காலத்தை நிறுவும் ஆவணம் இன்று சட்டத் தேவையுமாகும். ஈட்டிமர இனங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. 2019இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு சரக்கில் அம்மரம் 10 கிலோவுக்கு மேற்படாத முடிவுற்ற பொருள்களுக்கு விலக்குண்டு.

ஒவ்வொரு கோலுக்கும் ஓர் ஏடு வைப்பது கடினமன்று. நீளம், எடை, நுனியின் விட்டம், இணைப்பின் வகை, பட்டையின் முழு வாசகம், பொறித்த எண்கள், பழுதுகள், பிற்காலச் சேர்க்கைகள் ஆகியவற்றை அளவுகோலுடன் கூடிய படங்களோடு குறிக்கலாம். அவற்றோடு உரிமையாளரும் அவர் குடும்பத்தாரும் சொல்வதை அவர்தம் மொழியிலேயே பதிதல் வேண்டும்: எந்தக் கூடம், எந்த ஆண்டு, யாரிடமிருந்து. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற இலங்கையர் எம். ஜே. எம். லஃபீர் போன்றோரை நேரில் கண்ட தலைமுறை இன்று முதுமையில் உள்ளது. கொழும்பிலும் சென்னையிலும் கிளப்புகளில் பணியாற்றிய மார்க்கர்களின் மரபினரிடமும் இப்பணி நீளுதல் வேண்டும். சேம்பர்லினுக்குக் கிடைத்த 63 ஆண்டுக் காத்திருப்பு எல்லார்க்கும் கிடைப்பதன்று.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கியூக்கோலின் மதிப்பு பட்டையின் பெயரில் அடங்குவதன்று. மாற்றமின்மையும் கைமாறிய வரலாறும் அதனை நிறுவுகின்றன. இரண்டாவது, புதுப்பித்தல் பேணுதலன்று. மீளாத மாற்றம் எதுவும் சான்றின் இழப்பே. மூன்றாவது, உதகையின் ஆட்டவிதி, மார்க்கரின் கைத்திறன், காட்டின் கருமரம் ஆகியவற்றால் இப்பொருளில் தமிழ்நிலங்களுக்கு உள்ள பங்கு ஆராயத்தக்கது. மரத்தைப் பொறுத்தவரை அப்பங்கை ஒவ்வொரு கோலிலும் ஆய்ந்தே துணிதல் வேண்டும்.

திருகோணமலையிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தோர் வாழும் மனோர் பார்க் தெருவொன்றில் வீடு ஒழிக்கப்படும்போது, பரணிலிருந்து இறங்கும் தகரப்பெட்டிக்குள் அவர்தம் ஊர்க்காட்டு மரம் இருத்தல் கூடும். அது அறியப்படுமா, அறியப்படாமல் போகுமா என்பது அன்று அதனைத் திறப்பவர் அதைத் துடைக்குமுன் கேட்கும் வினாக்களைப் பொறுத்தது. உள்ளூர் நூலகமும் தமிழ்ப் பள்ளிகளும் சமூக அமைப்புகளும் கூடி அவ்வினாக்களை ஓர் எளிய படிவமாக்குவது இப்போதே செய்யத்தக்க பணியாகும்.